வலது பக்கத்துச் செட்டை

மூன்றாவது முறையும் படகு வளைவில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. மார்கழி கடைசி. தேசூர் ஏரியில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. என் தங்கை மகன் டிராக்டர் டியூபில் ஏறிக் கையாலேயே துழாவிப் போய், வயிறு மேலே தெரிய மிதந்த படகை எடுத்து வந்தான். மூடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான். பேட்டரியைத் துண்டால் ஒற்றினான். பிறகு நிமிர்ந்து, "சுக்கான் மேல தப்பு இல்ல மாமா. செட்டைதான் முன்னால வந்துடுச்சு" என்றான்.

எனக்கு 54 வயது. எட்டு வயதில் அப்பாவின் தறிக்கு ஊடைநூல் தார் சுற்ற உட்கார்ந்தவன். நடுவில் ஒன்பது வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். அது தவிர மற்ற நாளெல்லாம் ஆரணிப் பட்டு, குழித்தறி, மிதி, நாடா. கடவுள் நம்மைத் தள்ளுகிறாரா, அல்லது வேறு ஏதோ செய்கிறாரா என்ற கேள்வி அப்பா இருந்த காலத்திலிருந்தே எனக்குள் கிடக்கிறது. பையன் சொன்னது நேராகப் போய் அதில் முட்டியது.

முதலில் அந்தப் படகைச் சொல்லிவிடுகிறேன். நீளம் எழுபது சென்டிமீட்டர். மெல்லிய பிளைவுட், மேலே ஃபைபர் பூச்சு. முன்பக்கம் இரண்டு புறமும் யானை முன்னங்காலை நீட்டியதுபோல இரண்டு மிதவைகள், ஸ்பான்சன் என்கிறான். ரிமோட்டில் வேகத்தைக் கூட்டினால் அது நீரில் மிதப்பதை விட்டுவிடும். இரண்டு மிதவைகளின் நுனியும் பின்னால் சுழலும் புரொப்பெல்லரும் மட்டும் தண்ணீரைத் தொட, மற்ற உடம்பு காற்றில் போகும். அங்கேதான் சிக்கல். மெதுவாகப் போகும் ஓடத்துக்கு அதன் வயிறே பிடிமானம்; ஆழமாக உட்கார்ந்திருப்பதால் பக்கவாட்டில் வழுக்காது. வேகமெடுத்த படகுக்குத் தண்ணீரில் உடம்பே இல்லை. சுக்கானைத் திருப்பினால் மூக்கு திரும்பும், படகு பழைய திசையிலேயே பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும். ஈரத் தரையில் ஓடிவந்து திரும்பப் பார்க்கும் பிள்ளை மாதிரி.

அதற்காகத்தான் செட்டை. உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு, கத்தி மாதிரி விளிம்பு. வலது மிதவையின் பக்கத்தில் நீருக்குள் தொங்கும். இடது பக்கம் கிடையாது. இந்த வகை மாடல் போட்டிகளில் படகுகள் கடிகாரம் சுற்றும் திசையில் ஓடுகின்றன. எல்லாத் திருப்பமும் வலது பக்கம்தான். அமெரிக்காவில் ஆள் ஏறி ஓட்டும் பெரிய ஹைட்ரோபிளேன் பந்தயத்தில் இடது பக்கம் திரும்புவார்கள், அதனால் அங்கே செட்டை இடது பக்கம். வலப்பக்கச் செட்டை வைத்த படகை வேகத்தில் இடது பக்கம் ஒடித்தால் புரண்டுவிடும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தண்ணீரில் இறங்கும் முன்பே தீர்மானித்துவிட்ட படகு அது. அதைக் கேட்டபோதே எனக்கு விரதம் எடுத்த மனிதன்தான் நினைவுக்கு வந்தான்.

அந்தத் தகடு படகை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. தள்ளுவது மோட்டார், திருப்புவது சுக்கான். செட்டை செய்வது ஒன்றே ஒன்று: வழுக்க மாட்டேன் என்று நிற்கும். நேர் ஓட்டத்தில் அது வெறும் சுமை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகத்தைத் தின்னும். வளைவு வரும்போதுதான் அதற்கு வேலை.

சிங்கப்பூரில் இதே மாதிரி ஒன்றை நான் கையால் செய்திருக்கிறேன். பெரிய கப்பலின் வயிறு பக்கவாட்டிலிருந்து அடிப்பக்கம் வளையும் இடத்தில், இரண்டு பக்கமும், நீளவாக்கில் ஒரு பட்டையான இரும்புத் தகட்டை ஒட்டுவோம். பில்ஜ் கீல் என்று பெயர். டிரை டாக்கில் கப்பல் நிற்கும்போது அதன் அடியில் படுத்துக்கொண்டு பொருத்துவோம். வெல்டர் பின்னாலேயே வருவான். புதிதாய்ப் போனபோது ஃபோர்மேனிடம் கேட்டேன், இது எதை ஓட்டும் என்று. எதையும் ஓட்டாது, அலையில் கப்பல் உருளும்போது தண்ணீரைப் பிடித்து அந்த உருட்டலை அடக்கும், அவ்வளவுதான் என்றார். கப்பல் கடலுக்குப் போனபின் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. இரவு ஷிஃப்டில் அந்த இரும்பின் கீழே மல்லாந்து கிடந்து, நான் எப்போதோ கடவுள் என்று கும்பிட்டது இப்படி ஏதாவதா என்று யோசித்தது உண்டு. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "அவனன்றி ஓரணுவும் அசையாது. நீ வேலையைப் பாரு" என்றார்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மலாய்க்காரர்கள் ஜோங் விட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தில் இழைத்த ஒல்லியான படகு, அதற்குப் பெரிய பாய், ஒரு பக்கம் மட்டும் தாங்கலாக மிதவைக் கட்டை. ரிமோட் இல்லை, கயிறு இல்லை. ஒரு பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று காற்றைப் பார்த்தார். பாயை ஒரு விரல் தளர்த்தினார், மீண்டும் பார்த்தார், கையை எடுத்தார். அவ்வளவுதான். அதன்பின் படகுக்கும் அவருக்கும் உறவு இல்லை. அது அம்பு மாதிரிப் போயிற்று. சில படகுகள் பாதியில் திரும்பிக்கொண்டன, சில சாய்ந்தன. விடுவதற்கு முன் செய்ததெல்லாம் விட்டபின் தெரிந்தது.

ரிமோட்டும் ஜோங்கும் கடவுளைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகள் மாதிரி எனக்குள் இருந்தன. அப்பாவின் முருகன் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர். ஒவ்வொரு நொடியும் நெம்புகோலில் அவர் விரல் இருக்கும். விதி, வினை என்று பேசுபவர்களின் உலகம் ஜோங். பாயைக் கட்டிவிட்டாயிற்று, இனி காற்றும் கட்டையும். எனக்கு இரண்டுமே போதவில்லை. முதலாவதில் நான் யார் என்று தெரியவில்லை. இரண்டாவதில் எதற்குக் கும்பிட வேண்டும் என்று தெரியவில்லை.

ஏரிக்கரையில் தினமும் நடக்க வருகிற ஒரு நயினார் சார் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைத் தாண்டியவர். எங்கள் வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் காலங்காலமாக வாழ்கிற பூமி; பொன்னூர் மலை உச்சியில் பாறையில் வெட்டிய பாதச் சுவடுகளைக் குந்தகுந்த ஆசாரியரின் பாதம் என்று வணங்குகிறார்கள், நாடெங்கும் இருந்து சமணர்கள் அங்கே வருகிறார்கள். சார் அந்த மரபில் வந்தவர். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியதும் வீட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அன்று எங்கள் படகு கவிழ்வதைப் பார்த்து நின்றார். பையன் செட்டையைப் பற்றி விளக்கினான். அவர் குனிந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தள்ளாது, திருப்பாது, ஆனா இது இல்லாம திரும்ப முடியாது. அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றான். "எங்க சாத்திரத்துல இதுக்குத் தர்மம்னு பேரு" என்றார்.

நான் தர்மம் என்றால் தானம், நல்லது என்றே நினைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து சொன்னார். சமண தரிசனத்தில் உலகம் ஆறு பொருள்களால் ஆனது: உயிர், அணுக்களாலான சடப்பொருள், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம். இங்கே தர்மம் என்பது புண்ணியம் இல்லை, அதர்மம் என்பது பாவம் இல்லை. தர்மம் அசைவுக்குத் துணை. அதர்மம் நிற்பதற்குத் துணை. குந்தகுந்தர் தம் பஞ்சாஸ்திகாயத்தில் இதற்கு மீனையும் நீரையும் உவமை காட்டியிருக்கிறார். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்து என்று சொல்வதும் இல்லை. மீன் நீந்த நினைத்தால் நீர் இருக்கிறது. நீர் இல்லாவிட்டால் மீன் எவ்வளவு நினைத்தாலும் நீந்த முடியாது. அதர்மத்துக்கு மர நிழலைச் சொல்வார்களாம். நிழல் வழிப்போக்கனைக் கையைப் பிடித்து உட்கார வைப்பதில்லை, அவன் நிற்க நினைத்தால் நிழல் இருக்கிறது.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "தள்ளாத ஒண்ணைக் கும்பிட்டு என்ன சார் ஆகப்போகுது?" அவர் கோபப்படவில்லை. "கும்பிடச் சொல்லலியேப்பா. அது இருக்குன்னு தெரிஞ்சிக்கோன்னுதான் சொல்றாங்க" என்றார். பிறகு சுரைக்குடுக்கையைச் சொன்னார். மண்ணைப் பூசி நீரில் போட்ட சுரைக்குடுக்கை அடியில் போய்க் கிடக்கும். மண் கரையக் கரைய மேலே வரும். வினை கரைந்த உயிரும் அப்படித்தான் மேலே எழும்புகிறது. யாரும் தூக்குவதில்லை, எழும்புவது அதன் இயல்பு. உலகத்தின் உச்சிக்குப் போனதும் நின்றுவிடுகிறது. ஏன்? அதற்கு மேல் தர்மம் இல்லை. நீர்ப்பரப்புக்கு மேலே குடுக்கை போகாது அல்லவா, அது மாதிரி. விடுதலை அடைந்த உயிருக்கும் அசைய ஒரு துணை வேண்டும் என்று நினைத்த மனிதர்கள் எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்க வேண்டும்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வீட்டுச் சைவத்தை நான் விட்டுவிடவில்லை. கிருத்திகை விரதம் இருக்கிறேன், தீபத்துக்கு அண்ணாமலைக்குப் போகிறேன். சாரின் பேச்சுக்குப் பிறகு சைவ சித்தாந்தத்தில் சிறு வயதில் கேட்டது ஒன்று புதிதாகப் புரிந்தது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. உயிரை உடனே வீடு சேர்க்காமல், உலகத்தைக் காட்டி, தன்னை ஒளித்துக்கொண்டு, வினையை அனுபவிக்க விட்டு, பக்குவப்படும்வரை பிடித்து வைக்கிற ஆற்றல்; திரோதம் என்பார்கள். தடையாகத் தெரிவதும் அருள்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டபோதெல்லாம், துன்பப்படுகிறவனுக்குச் சொல்லும் ஆறுதல் வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன். செட்டையைப் பார்த்தபின் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. தடுப்பதால் மட்டுமே உதவுகிற ஒரு பொருளை நான் கையில் வைத்திருந்தேன். அரத்தால் அதன் விளிம்பை ராவியதே நான்தான்.

இப்படித் தடுத்து உதவுவது கண்ணுக்கும் தெரிவதில்லை. 1983-இல் ஆஸ்திரேலியா 2 என்ற பாய்ப்படகு அமெரிக்கா கோப்பையை வென்றது. 132 வருடம் அமெரிக்கர்களிடமே இருந்த கோப்பை. பென் லெக்சென் வடிவமைத்த இறக்கை வைத்த அடிச்செட்டை அதற்கு இருந்தது. நெதர்லாந்தில் சோதனைத் தொட்டியில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போதெல்லாம் அடிப்பாகத்தைத் துணியால் மூடி மறைத்தார்களாம். கரையில் நின்றவர்கள் எல்லாரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை கேன்டீனில் ஓர் ஆஸ்திரேலிய இன்ஜினியர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படகு எங்கே தவறியது என்பதற்கு வருகிறேன். பையன் படகை இரண்டு ஆள்காட்டி விரல்களில் ஏந்தினான். முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் ஏந்தினால் மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டான். அதுதான் எடையின் மையம். பேட்டரியும் மோட்டாரும் கனத்தை எங்கே வைத்திருக்கின்றன என்பதை அந்தக் கோடு சொல்லும். செட்டை அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய முக்கால் அங்குலம் முன்னால் இருந்தது. "அதான் மாமா, முன்னால பிடிச்சா மூக்கு உள்ளே குத்துது, பின்னால இருக்கிற எடை சுத்திக்கிட்டு முன்னாடி வருது" என்றான். தாங்கியில் நீளவாட்டில் துளைகள் இருந்தன. திருகைத் தளர்த்தி நன்றாகப் பின்னால் தள்ளினான். இந்த முறை கவிழவில்லை. கயிறு கட்டி மிதக்கவிட்ட பிஸ்லெரி பாட்டிலைச் சுற்ற வேண்டிய படகு அதைக் கடந்து நேராக அக்கரை ஆகாயத்தாமரையில் போய்ச் சொருகியது. பின்னால் வைத்தால் அம்பின் இறகு மாதிரி. நேராக ஓடும், திரும்பச் சொன்னால் அடம்பிடிக்கும்.

அதே தகடு. அதே அளவு, அதே கூர்மை. முன்னால் இருந்தால் சுழற்றிக் கவிழ்க்கிறது, பின்னால் இருந்தால் திரும்ப விடாது. எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது தறிக்காரர்களுக்குக் கூலி நின்றது. நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்ளும் ஒரு வியாபாரி, பெயர் வேண்டாம், கையில் ரொக்கத்தோடு வந்தார். சேலைக்குப் போடும் ஜரிகையை அவரே தருவார், கேள்வி கேட்கக் கூடாது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். ஒப்புக்கொண்டேன். அசல் ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம். நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு தெரியும். இந்த ஜரிகையைக் கீறினேன். உள்ளே வெள்ளை நூல். மேலே செம்புக் கம்பி. தாரைப் பார்த்தபடி அரை மணி நேரம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நாடாவில் போட்டேன்.

ஆறு சேலை நெய்தேன். முகூர்த்தச் சேலைகள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் ஏறியிருக்கும், அவள் அதை மடித்து நாப்தலின் போட்டு வைத்திருப்பாள், பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது ஜரிகை கறுத்திருக்கும். தன் கையிலோ தன் அலமாரியிலோ தப்பு என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஆறு பெண்களை எனக்குத் தெரியாது. இன்றும் அவர்களிடம் நான் கடன்பட்டவன்.

நேர் ஓட்டமாக இருந்தவரை என் நேர்மைக்கு ஒரு சோதனையும் வந்ததில்லை. சிங்கப்பூர் சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில் ஜரிகையைப் பற்றி ஊருக்கே பேசியிருக்கிறேன். வளைவு வந்தது, பக்கவாட்டில் சறுக்கினேன். நீருக்கடியில் பிடித்து நிறுத்த என்னிடம் எதுவும் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. முருகனைக் கும்பிட்டுக்கொண்டேதான் நெய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நீ என்னைத் தள்ளு, நீ என்னைத் தடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஏழாவது சேலையைத் தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் ஏரிக்கரையில் நயினார் சாரிடம் சொன்னேன். ஏன் அவரிடம் போய்ச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. கேட்டுவிட்டு, "எத்தனை சேலை?" என்றார்.

"ஆறு சார்."

"ஏழாவது?"

"நெய்யலை."

"சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது நியாயம் பேசியிருப்பேன், ஏழாவதையும் நெய்திருக்கக்கூடும்.

அதன்பின் ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். கொடுக்கிறவர் கண் முன்னாலேயே ஜரிகையைக் கீறிப் பார்க்காமல் தறியில் ஏற்றுவதில்லை. சமணத்தில் இல்லறத்தாருக்கு அணுவிரதங்கள் என்று சிறிய நோன்புகள் ஐந்து உண்டு: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொருளை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளுதல். துறவிகளுக்கு இவையே முழு அளவில் மாவிரதங்கள். குடும்பம் நடத்துகிறவனுக்கு அவன் தாங்கும் அளவில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த அக்கறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. படகின் எடையைப் பார்த்துச் செட்டை வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் என் நியமத்தை மூக்கில் கொண்டுபோய் வைத்தேன். வந்தவரிடமெல்லாம் அதைச் சொன்னேன். பக்கத்துத் தறிக்காரர்கள் எந்த ஜரிகை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கலப்பு ஜரிகையைக் கலப்பு என்று சொல்லியே, அதற்கான விலையிலேயே விற்கிற ஒருவரைக்கூடத் தெருவில் வைத்துப் பேசினேன். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. மனைவி ஒருநாள், "சேலை நெய்யறீங்களா, ஜரிகை கீறுறீங்களா?" என்று கேட்டாள். நோன்பு முன்னால் இருந்தது. என் கனமெல்லாம், அதாவது வீடு, கடன், மகள், கூலி எல்லாம், அதைச் சுற்றிச் சுழன்று முன்னே வந்துகொண்டிருந்தது. விரதம் இருப்பவர்கள் சிலர் வீட்டையே கவிழ்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் விரதத்தில் பொய் கிடையாது. இடம் தவறிவிட்டது.

பின்னால் வைப்பவர்களையும் தெரியும். வருடம் ஒருமுறை மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் கட்டுப்பாடு, மாலையைக் கழற்றியதும் விட்ட இடத்தில் தொடர்வது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு நேர் ஓட்டம்தான். கடன்காரன் வாசலில் நிற்கும் சாயங்காலத்தில் அது திரும்ப உதவுமா என்பதுதான் என் சந்தேகம்.

தறியில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நெய்த துணி உள்பக்கமாகச் சுருங்கிக்கொள்ளும். சுருங்காமல் விரித்துப் பிடிக்க, இரண்டு முனையிலும் ஊசி வைத்த ஒரு குச்சியைக் கரைக்குக் கரை குறுக்கே மாட்டி வைப்போம். அது நெய்யாது, இழுக்காது, அகலத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும். ஊடை விழுகிற இடத்துக்கு மிக அருகில், நெய்து முடிந்த பக்கத்தில், அது இருக்க வேண்டும். தள்ளிப் போய்விட்டால் கரை சுருங்கி, அச்சில் ஓர இழைகள் உராய்ந்து அறும். ஆகவே இரண்டு மூன்று அங்குலம் நெய்ததும் கழற்றி முன்னால் மாட்டுவோம், மறுபடி நெய்வோம், மறுபடி கழற்றி மாட்டுவோம். ஒரு சேலைக்குள் இதை எத்தனை தரம் செய்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. மலையாளத்தில் தறி நாடாவுக்கும் ஓடம் என்றுதான் பெயர். அந்த ஓடத்துக்குச் சுக்கான் கிடையாது. கீழே பலகை, பின்னால் அச்சு. இவை இரண்டும் அதைத் தள்ளுவதில்லை, சாய்ந்து போக இடம் தருகின்றன. பாவில் ஓர் இழை தொய்ந்தால் போதும், நாடா தெறித்து வெளியே வந்து விழும். இத்தனை வருடமாக நயினார் சாரின் தர்மத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.

இதிலிருந்து எனக்குத் தெளிந்தது ஒன்றுதான். நோன்பு எடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் பின்னால். என் எடை பூசை அறையில் இல்லை. கூலிக் கணக்கு எழுதுகிற நோட்டில் இருக்கிறது, மகளின் கல்யாணக் கடனில் இருக்கிறது, நாடாவில் தார் போடும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. அந்த இடத்தில், அங்கே மட்டும், ஒரு தகட்டைத் தண்ணீரில் இறக்கி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு வருடம் எடை நகர்கிறது. விரலில் ஏந்திப் பார்த்துக் கோடு போட வேண்டியிருக்கிறது.

முருகனிடம் இப்போது நான் தள்ளச் சொல்லிக் கேட்பதில்லை. இதனால் பக்தி குறைந்ததா என்று மனைவி கேட்டாள். கூடியிருக்கிறது. முன்பெல்லாம் அவர் வருவாரா வரமாட்டாரா என்று காத்திருந்தேன். மீன் தண்ணீர் வருமா என்று காத்திருக்குமா?

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. நான் நெய்வது பட்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள், புழு உள்ளே இருக்கும்போதே ஆவியிலும் கொதிநீரிலும் போட்டவை. ஐதராபாத்துக் குசுமா ராஜையா, அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே போனபின் நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டைக் கொண்டுவந்தார். விலை அதிகம், நூலும் வேறு மாதிரி, எங்கள் பக்கம் கேட்டு வருகிறவர்கள் இல்லை. நயினார் சார் பட்டு உடுத்த மாட்டார். என் மகள் கல்யாணத்துக்குக் கதர் வேட்டி, கதர்த் துண்டில் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். சுற்றிலும் பட்டு. மணப்பெண் உடுத்தியிருந்தது என் தறியில் நான் நெய்தது, உள்ளே சிவப்பு இழை ஓடும் ஜரிகை. அவர் அதைப் பார்த்து, "கரை நல்லா வந்திருக்குப்பா" என்றார். எத்தனையோ வருடம் ஒரே கரையில் நடக்கிறோம், ஒருநாளும் என்னிடம் தறியை விடு என்று அவர் சொன்னதில்லை. சொல்லாததால் அந்தக் கேள்வி போய்விடவில்லை. ஒவ்வொரு கிலோ நூல் வாங்கும்போதும் என்னோடு வருகிறது. அதற்கான செட்டையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் மொத்த எடையும் அந்தப் பட்டில்தான் இருக்கிறது.

படகு கவிழ்ந்த அன்று ஏரியில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. சார் கைத்தடியை எடுத்துக்கொண்டார். "பொழுது போகுது, நான் கிளம்பறேன்" என்றார். "இன்னும் ஒரே ஒரு தரம் சார்" என்று பையன் கெஞ்சினான். அவர் சூரியனைப் பார்த்துக் கொஞ்சம் கணக்குப் போட்டு நின்றார். பையன் சாக்பீஸ் கோட்டுக்குக் கால் அங்குலம் பின்னால் செட்டையை வைத்துத் திருகை இறுக்கினான். நான் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிசிறு இருந்தது, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். படகைத் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தான்.

சத்தம் ஏறியது. மூக்கு எழும்பியது. பாட்டிலை நெருங்கியதும் வலது பக்கம் தண்ணீர் விசிறி மாதிரி எழுந்தது, படகு அந்த விசிறியில் சாய்ந்துகொண்டு திரும்பியது. இரண்டாவது பாட்டில். மறுபடி விசிறி. மூன்று சுற்று வந்தது. நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது சார் கரையில் பாதி தூரம் போயிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட அவருக்குப் பத்து நிமிடம்தான் இருந்திருக்கும். நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனார்.